முள் இறங்கினால் ஆல்டர்னேட்டரை மாற்றுவதா, ஒயரைத் தேடுவதா?

இருட்டும் நேரம். ஹெட்லைட்டைப் போடுகிறீர்கள். டேஷ்போர்டில் 14-ஐ ஒட்டி நின்றிருந்த வோல்ட் மீட்டர் முள் 13-க்கு இறங்குகிறது. வைப்பரையும் போட்டால் பன்னிரண்டரை. கார் வழக்கம்போல ஓடுகிறது, சார்ஜ் விளக்கு எரியவில்லை, காலையில் ஒரே திருகலில் ஸ்டார்ட்டும் ஆனது. ஆனாலும் அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை கண் சாலையில் பாதி, முள்ளில் பாதிதான்.

என் பழைய காரில் இது வந்தபோது நான் செய்த முதல் காரியம் ஆல்டர்னேட்டரை, அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியை நிரப்பும் கருவியை, மாற்றியது. காட்டிய இடத்தில் "டைனமோ போயிடுச்சு சார்" என்றார்கள் (ஆல்டர்னேட்டரைத்தான் அப்படிச் சொன்னார்கள்), நானும் தலையாட்டினேன். புதியதை மாட்டிக்கொண்டு வெளியே வந்து ஹெட்லைட்டைப் போட்டேன். முள் அதே 13-க்கு, அதே சோம்பலோடு இறங்கியது. அப்புறம் பேட்டரியை மாற்றினேன். முள் அதற்கும் மசியவில்லை. கடைசியில், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையின் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழி அது) போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முடுக்கினேன். முள் முக்கால்வாசி தூரம் மேலே வந்துவிட்டது. இரண்டு பெரிய சாமான்களை வாங்கிய பிறகு, ஒரு துண்டு உப்புத்தாளில் முடிந்த வேலை.

ஆகவே, எந்தச் சாமானை மாற்றுவது என்ற கேள்வியை இங்கே கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: எந்த வழியில் கண்டுபிடிப்பது? முள்ளையே கவனிக்கலாம். லைட்டர் சாக்கெட்டில் செருகும் டிஜிட்டல் மீட்டர் வாங்கலாம். பேட்டரியில் மல்டிமீட்டர் வைக்கலாம். ஒயர் ஒயராக வோல்ட் எங்கே கரைகிறது என்று தேடலாம். சாமானை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இல்லை, ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சாவியைக் கொடுத்துவிடலாம். எல்லாவற்றையும் நான் ஏதோ ஒரு கட்டத்தில் செய்திருக்கிறேன். என்னைக் கேட்டால் எல்லாம் சமம் இல்லை.

கடைமடைத் தண்ணீர்

டேஷ்போர்டு முள் பேட்டரியின் வோல்ட்டைக் காட்டுகிறது என்றுதான் பலரும் நினைத்திருக்கிறோம். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் மெயின் ஒயர், இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி, நடுவில் இரண்டு மூன்று கனெக்டர் என்று எல்லாவற்றையும் தாண்டித்தான் மீட்டருக்கு வருகிறது. வழியில் வைப்பரும் ப்ளோயரும் அதே ஒயரில் வாய் வைத்துக் குடிக்கின்றன. தலைமடையில் வாய்க்கால் நிறைய ஓடினாலும் கடைமடைக்கு வந்து சேருவது கொஞ்சம்தான். முள் நிற்பது கடைமடையில். அது காட்டுவது அந்த இடத்து வோல்ட்.

இழப்பு எவ்வளவு இருக்கும்? 55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டு எரிந்தால் ஏறத்தாழ 8 ஆம்பியர். அதோடு பின்விளக்கும் ப்ளோயரும் சேர்ந்து 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 10 ஆம்பியரும் துருப்பிடித்த ஒரே இணைப்பு வழியாகப் போய், அங்கே 0.05 ஓம் தடை இருந்தால் அரை வோல்ட் அதிலேயே போய்விடும். 0.05 ஓம் என்பது சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் கண்ணுக்கே தெரியாத தடை. இப்படி இரண்டு இணைப்பு இருந்தால் முள் ஒரு வோல்ட் கீழே நிற்கும், பேட்டரிக்கு ஒரு குறையும் இருக்காது.

முள் எந்த ரகம் என்பதையும் பார்க்க வேண்டும். பழைய கார்களில் இருக்கும் மீட்டர்கள் பல, சூடேறி வளையும் இரட்டை உலோகத் தகட்டால் நகர்பவை. சாவியைத் திருகியதும் அந்த முள் உடனே எழாது, சில விநாடி எடுத்து மெதுவாக ஏறும். கண நேர ஏற்ற இறக்கங்களை அது விழுங்கிவிடும். காந்தச் சுருளால் நகரும் ரகம் சட்டென்று அசையும், இன்டிகேட்டர் துடிப்பைக்கூடக் காட்டிக்கொடுக்கும். மெதுவான முள்ளை வைத்துக்கொண்டு "முள் ஆடவே இல்லை, அதனால் லூஸ் கான்டாக்ட் இல்லை" என்று சொல்ல முடியாது.

சரி, எது இயல்பு? 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழு சார்ஜில், சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு, 12.6 முதல் 12.7 வரை காட்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. செல்ஃப் அடிக்கும்போது 10-ஐ ஒட்டி இறங்கும். நல்ல பேட்டரி 9.6-க்குக் கீழே போகக்கூடாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் 14.5 காட்டியது, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு 13.8-க்கு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆல்டர்னேட்டர் தரும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், சூடு ஏற ஏற அதைக் கொஞ்சம் குறைத்துத் தருவது அதன் வேலையே. 15-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

இந்தக் கணக்கு ஆல்டர்னேட்டர் உள்ள 12 வோல்ட் காருக்கு. 1960-இல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்தது. மற்றவர்கள் அதன் பிறகு ஒவ்வொருவராக மாறினார்கள். அப்படி மாறுவதற்கு முந்தைய கார் என்றால் உள்ளே இருப்பது உண்மையான டைனமோ, ஆல்டர்னேட்டருக்கு முன்பு மின்சாரம் தயாரித்த பழைய கருவி. ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, அது ஏறக்குறைய ஒன்றும் தராது. சிக்னலில் நிற்கும்போது முள் 12-க்கு வருவது அங்கே பிறவிக் குணம். பழைய பீட்டில் மாதிரி 6 வோல்ட் காராக இருந்தால் எண்கள் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். 1960களின் பிற்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இணைந்திருக்கும். அங்கே மல்டிமீட்டர் ஒயரை மாற்றி வைக்க வேண்டும். டேஷில் இருப்பது வோல்ட் மீட்டரா ஆம்பியர் மீட்டரா என்பதையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். நடுவில் பூஜ்யமும் இரண்டு பக்கமும் கூட்டல் கழித்தலும் இருந்தால் அது ஆம்பியர் மீட்டர், இங்கே சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

முள்ளை மட்டும் நம்பலாமா

எண்ணுக்காக நம்ப வேண்டாம். நடத்தைக்காக நம்பலாம். காசும் ஆகாது, பானெட்டையும் திறக்க வேண்டாம். பலர் இந்த வழியை மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு இதில் மரியாதை உண்டு, ஏனென்றால் எந்த மீட்டரும் காட்டாத ஒன்றை இது காட்டும்: எப்போது நடக்கிறது என்பதை.

ஸ்டார்ட் செய்ததும் முள் 12-லேயே கிடந்து, ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்ததும் துள்ளி 14-க்கு வந்து, பிறகு நாள் முழுக்க அங்கேயே நிற்கிறதா? ஆல்டர்னேட்டர் நல்லது. அதை முதலில் உசுப்பிவிட வேண்டிய சின்ன மின்சாரம் சார்ஜ் விளக்கின் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் போயிருக்கும், அல்லது அந்த மெல்லிய ஒயர் அறுந்திருக்கும். சாவியைத் திருகும்போது சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் கிட்டத்தட்ட முடிவு தெரிந்துவிட்டது. இந்த ஒரு பல்புக்காக ஆல்டர்னேட்டரே கழற்றப்பட்ட கார்கள் எத்தனையோ.

ஸ்லோவில் விளக்கு, ப்ளோயர் எல்லாம் போட்டால் இறங்கி, நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு ஏற்றியதும் எழுந்துகொண்டால், பழைய ஆல்டர்னேட்டருக்கு அது பெரும்பாலும் இயல்பு. ஸ்லோ அளவுக்கு மீறிக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். நேர்மாறாக, சுற்று ஏற ஏற முள் இறங்கினால் ஃபேன் பெல்ட் வழுக்குகிறது. மழைநாளில் கீச்சென்று கத்தினால் சந்தேகமே வேண்டாம். சுற்றோடு சேர்ந்து முள்ளும் 14, 15, 16 என்று நிற்காமல் ஏறினால் ரெகுலேட்டருக்குக் கடிவாளம் போய்விட்டது.

இன்டிகேட்டர் துடிக்கும் தாளத்திலேயே முள்ளும் துடித்தால், அல்லது பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் முள் குனிந்தால், எர்த்தையோ பொது ஒயரையோ பாருங்கள். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒன்றாக ஏறியோ ஒன்றாகப் படுத்தோ இருந்து, வோல்ட் முள் மட்டும் ஒழுங்காக இருந்தால், மீட்டர்களுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஸ்டெபிலைசர் டப்பா கெட்டிருக்கிறது. அந்த இரண்டு மீட்டருக்கும் ஒரே சீராக, பல கார்களில் 10 வோல்ட் அளவுக்கு, கொடுப்பது அதுதான். வோல்ட் மீட்டர் அதன் வழியாக வருவதில்லை. மூன்று முள்ளும் சேர்ந்து கூத்தாடினால் டேஷ்போர்டின் எர்த்.

இத்தனை சொன்னாலும், முள்ளால் முடியாதது ஒன்று உண்டு. 13 காட்டும்போது அது உண்மையிலேயே 13-ஆ, 14 கடைமடைக்கு வருவதற்குள் 13 ஆகிவிட்டதா, அல்லது முப்பது வருடக் கிழட்டு மீட்டர் உளறுகிறதா என்று அதுவே சொல்லாது.

லைட்டர் சாக்கெட் மீட்டர்

மலிவு, அழகாக ஒளிரும், தசம எண்ணோடு காட்டும். தசம எண் இருப்பதாலேயே நம்பிக்கை வந்துவிடுகிறது என்பதுதான் இதன் ஆபத்து. சாக்கெட்டும் இன்னொரு கடைமடைதான், வேறு வாய்க்கால், அவ்வளவே. இதையும் ஒருமுறை பேட்டரியில் வைத்த மல்டிமீட்டரோடு ஒப்பிட்டு, எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொண்டால், நீண்ட பயணத்தில் கண்காணிக்க உதவும். அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

பேட்டரியில் மல்டிமீட்டர்

ஐந்து நிமிட வேலை, பதிலில் பாதி கிடைத்துவிடும். டிசி 20 வோல்ட் அளவில் வையுங்கள். கறுப்பு ஒயர் பொதுத் துளையில், சிவப்பு வோல்ட் துளையில். சிவப்பு ஒயர் ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட், பொறி பறக்கும். கையில் மோதிரம், உலோகப் பட்டை இருந்தால் கழற்றிவிடுங்கள். பெல்ட் பக்கம் துண்டு, துப்பட்டா, நீளக் கை எதுவும் போகக்கூடாது.

முதலில் இன்ஜின் ஓடாமல் ஒரு ரீடிங். வண்டி அப்போதுதான் ஓடி வந்திருந்தால் பேட்டரி 13-ஐ ஒட்டி மிகையாகக் காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரித்து அணைத்து, சற்றுப் பொறுத்துப் பாருங்கள். அடுத்து செல்ஃப் அடிக்கும்போது. அப்புறம் ஓடும் இன்ஜினில், சுமை இல்லாமல் ஒன்று. கடைசியாக ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் போட்டு, 1500 முதல் 2000 சுற்றில் ஒன்று. இந்தக் கடைசி ரீடிங்தான் முக்கியம். சுமை இல்லாமல் அரை உயிரோடு இருக்கும் ஆல்டர்னேட்டர்கூட 14.2 காட்டும், சுமை ஏறியதும்தான் சாயம் வெளுக்கும். சுமையோடும் 13.5-க்கு மேல் நின்றால் ஆல்டர்னேட்டரையும் ரெகுலேட்டரையும் விட்டுவிடலாம். முள் என்ன சொன்னாலும் சரி.

ஒரு தடவை என் மல்டிமீட்டர் 16.4 காட்டி என்னை நடுங்க வைத்தது. ரெகுலேட்டர் போய்விட்டது என்று இன்ஜினை அணைத்தேன். அணைத்த பிறகும் 14.6 காட்டியது. ஓடாத காரில் அப்படி ஒரு ரீடிங் வரவே முடியாது. மல்டிமீட்டருக்குள் இருந்த 9 வோல்ட் பேட்டரி தீரும் நிலையில் இருந்தது, அப்போது மீட்டர் கூட்டிக் காட்டும். எதை அளப்பதற்கு முன்பும் அளவுகோலுக்குப் புது பேட்டரி போடுங்கள்.

டயோடு, அதாவது ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் பாகம், கெட்டதோ என்ற சந்தேகம் இருந்தால் மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றி, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் வைக்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஆறு டயோடுகளில் ஏதோ ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மலிவான மீட்டர்கள் சில, ஏசி அளவில் டிசியையும் சேர்த்து அளந்து இருபதுக்கு மேல் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். முதலில் ஓடாத காரில் அதே அளவில் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் வராவிட்டால் அந்த மீட்டர் இந்தச் சோதனைக்கு ஆகாது. டயோடு ஷார்ட் ஆகியிருந்தால் இன்னொரு அடையாளமும் உண்டு. இரவெல்லாம் நின்ற கார் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். இன்ஜினே ஓடாதபோதும் ஆல்டர்னேட்டர் உடம்பு வெதுவெதுப்பாக இருக்கும்.

ஒயர் ஒயராக இழப்பைத் தேடுவது

என் வாக்கு இந்த வழிக்குத்தான். சலிப்பான வேலை. ஆனால் முந்தைய வழிகள் "எங்கோ குறை" என்று சொல்லும் இடத்தில் இது விரலை வைத்துக் காட்டும்.

ஒயரின் இரண்டு நுனியிலும் மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் வையுங்கள். ஒயர் நன்றாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி வரும். நடுவில் எங்கே தடை இருக்கிறதோ அங்கே தொலையும் வோல்ட் அப்படியே எண்ணாக வந்து நிற்கும். மின்சாரம் ஓடினால்தான் இழப்பு தெரியும், ஆகையால் இன்ஜின் ஓட வேண்டும், விளக்கெல்லாம் எரிய வேண்டும். சும்மா நிற்கும் காரில் ஓம் பார்த்து "ஒயர் சரியாத்தான் இருக்கு" என்று சொல்வது, ஆள் ஏறாத கட்டிலைத் தட்டிப் பார்த்து உறுதி என்று சொல்வது மாதிரி.

ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் முனையிலிருந்து பேட்டரி பாசிட்டிவ் தூண் வரை 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவ் தூண் வரை 0.2-க்குள். பாடியின் சுத்தமான ஒரு போல்ட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை அதே 0.2-க்குள். என் காரில் இந்த மூன்றாவதுதான் 0.7 காட்டியது. பேட்டரியின் எர்த் நேராக இன்ஜினுக்குப் போகிறது. விளக்குகளின் மின்சாரம் முழுக்கத் திரும்பி வர வேண்டியது அந்தத் துருப்பிடித்த பட்டை வழியாக. பேட்டரியில் 14.1 இருந்தது. பாடியை நம்பி நின்ற முள்ளுக்குத்தான் குறைந்தது. நான் மாற்றிய ஆல்டர்னேட்டருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

பேட்டரியின் ஈயத் தூணில் ஒரு முனை, அதைக் கவ்வியிருக்கும் டெர்மினலில் இன்னொரு முனை வைத்து, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் வருகிற டெர்மினல்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே பளபளப்பு, உள்ளே உப்பு.

இந்த வழியில்தான் எனக்கு ஒரு விசித்திரமும் புரிந்தது. ஒரே துரு, ஒரு காரில் வோல்ட்டை இறக்கும், இன்னொரு காரில் ஏற்றும். சில பழைய கார்களில் ரெகுலேட்டர், "இப்போது எவ்வளவு இருக்கிறது" என்று இக்னிஷன் ஒயரைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. அந்த ஒயரில் ஒரு வோல்ட் தொலைந்தால் அதற்கு 13.2-தான் தெரியும். பற்றவில்லை என்று நினைத்து ஆல்டர்னேட்டரை விரட்டும். பேட்டரியில் 15.2 ஏறி ஆசிட் கொதிக்கும், முள்ளோ அப்பாவியாக 14 காட்டிக்கொண்டிருக்கும். முள் சரியாக இருக்கிறதே என்று விட்டால், பேட்டரியில் தண்ணீர் மளமளவென்று குறையும். பல்புகள் அடிக்கடி போகும். அங்கே ரெகுலேட்டரை எத்தனை முறை மாற்றினாலும் அதுவும் அதே தவறைத்தான் செய்யும்.

கடைசியாக மீட்டரின் முதுகில், அதன் இரண்டு முனைகளில் அளந்து பாருங்கள். மல்டிமீட்டர் 13.1, முள்ளும் 13.1 என்றால் முள் யோக்கியன், வழியில்தான் திருட்டு. மல்டிமீட்டர் 14, முள் 13 என்றால் மீட்டருக்கு வயதாகிவிட்டது. கை நுழையாத டேஷ்போர்டு என்றால் மீட்டருக்குப் போகும் ஃபியூஸில் அளந்தாலும் ஓரளவு தெரியும்.

மாற்றிப் பார்ப்பது, எலக்ட்ரீஷியனிடம் விடுவது

மாற்றிப் பார்ப்பதை நான் ஒரு வழியாகவே எண்ண மாட்டேன், ஒரே ஒரு விலக்கோடு. பெல்ட், கார்பன் பிரஷ், எரிந்த பல்பு மாதிரி, எப்படியும் தேய்ந்து மாற்ற வேண்டிய சின்னச் சாமான்களை மாற்றிப் பார்த்தால் நட்டமில்லை. பழைய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் இரண்டு திருகைக் கழற்றினால் பிரஷ் கையோடு வரும். நீளம் குறைந்து வளையத்தைத் தொடாமல் இருந்தால் அதுவே நோய். முழு ஆல்டர்னேட்டரையோ பேட்டரியையோ ரீடிங் எடுக்காமல் மாற்றுவது சூதாட்டம். ஒருவேளை ஜெயித்தாலும் ஏன் ஜெயித்தீர்கள் என்று தெரியாது.

கழற்றி மேசையில் ஓட்டிப் பார்ப்பதும் ஒரு வழி. ஆல்டர்னேட்டர் தேறினால், குறை காரில்தான் என்று தெரியும். ஆனால் கழற்றும்போதே துருப்பிடித்த இணைப்பு அசைந்து, மாட்டும்போது தற்காலிகமாகச் சரியாகி, "மேசையில் வைத்ததும் குணமாகிவிட்டது" என்ற மாயத்தையும் இது உண்டாக்கும்.

நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் லோட் டெஸ்டரும், ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டரும் இருக்கும். பேட்டரி வோல்ட் காட்டிக்கொண்டே சக்தி இல்லாமல் இருப்பதையும், ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் தருகிறது என்பதையும் சொல்ல அவை வேண்டும். வீட்டு மல்டிமீட்டரால் அது முடியாது. டைனமோவும், பட்டறைகளில் கட்-அவுட் என்று சொல்லும் பழைய ரெகுலேட்டர் பெட்டியும் உள்ள கார் என்றால் நான் நேராக அவரிடமே போவேன். அந்தக் காந்த முனைகளின் இடைவெளியைச் சரிசெய்வது கைப்பழக்கம். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். "ஓடாதபோது 12.5, சுமையோடு பேட்டரியில் 14.1, மீட்டர் முதுகில் 13.1" என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பேச்சு வேறு இடத்திலிருந்து தொடங்கும்.

ஒன்று மட்டும். ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி "அணையவில்லை, அதனால் ஆல்டர்னேட்டர் நல்லது" என்று காட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் வோல்ட் ஒரு கணம் பல மடங்கு எகிறும். டயோடும் ரெகுலேட்டரும் அந்த நொடியே போகலாம். நல்லதைச் சோதித்துக் கெடுத்ததாக முடியும். யாராவது உங்கள் காரில் ஸ்பேனரோடு அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோனால் தடுத்துவிடுங்கள்.

உங்கள் காருக்கு எது

முள் எப்போதும் ஒரே அளவு கீழே, கார் காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது என்றால் அவசரமே இல்லை. பேட்டரியில் ஒரு ரீடிங், பிறகு ஒரு விடுமுறை நாளில் இழப்புத் தேடல். முள்ளும் கீழே, செல்ஃபும் சோர்ந்து அடிக்கிறது என்றால் பெல்ட்டைப் பாருங்கள், பேட்டரி ரீடிங் எடுங்கள். சுமையோடு 13-ஐத் தொடாவிட்டால் எலக்ட்ரீஷியன். முள் துடித்தால் எர்த். முள் ஒழுங்கு, ஆனால் பேட்டரித் தண்ணீர் குறைகிறது என்றால் முள்ளை மறந்துவிட்டுப் பேட்டரியில் அளந்து பாருங்கள்.

நடு வழியில் முள் 12-க்கு இறங்கி, சிவப்பு விளக்கும் எரிந்தால்? பகல் நேரம், பிளாட்டினம் பாயின்ட் இக்னிஷன் (எலக்ட்ரானிக் அல்லாத பழைய வகை) உள்ள பெட்ரோல் கார் என்றால், விளக்கு, ப்ளோயர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நல்ல பேட்டரியின் துணையில் கணிசமான தூரம் ஓட்ட முடியும். இக்னிஷன் மட்டும் சில ஆம்பியர்தான் இழுக்கும். நடுவில் இன்ஜினை அணைக்காதீர்கள், மறுபடி செல்ஃப் அடிக்க மிச்சம் இருக்காது. பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் கார் இன்னும் தேவலை. ஆனால் கிளம்புவதற்கு முன் பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்து முள் இறங்கியிருந்தால் ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை, இன்ஜின் வெந்துவிடும்.

முள் 16-ஐ நோக்கி ஏறினால் கதை வேறு. ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் போட்டுச் சுற்றைக் குறைத்தால் கொஞ்சம் இறங்கும். அது ஓரம் கட்டும்வரைக்கான உபாயம் மட்டுமே. கொதிக்கும் பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். அணைத்துவிட்டு ஆறவிடுங்கள். பக்கத்தில் தீப்பொறி எதுவும் வேண்டாம்.

குறை எங்கே என்று தெரிந்த பிறகும் ஒரு தேர்வு மிச்சம் இருக்கிறது. இணைப்புகளைத் தேய்த்துச் சுத்தம் செய்வது முதல் படி, பெரும்பாலும் அதுவே போதும். ஹெட்லைட்டுக்கு ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், போட்டுவிட்டால் அந்த 8 ஆம்பியரும் டேஷ்போர்டு சுவிட்சை விட்டுப் போய்விடும். முள்ளும் நிமிரும், விளக்கும் பளிச்சென்று எரியும். பழைய காருக்கு நான் தயங்காமல் சொல்வது இது. மீட்டருக்கு மட்டும் பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி ஒயர் இழுத்து, இக்னிஷனால் இயங்கும் சின்ன ரிலே வைக்கலாம். முள் அதன் பிறகு பேட்டரியைத்தான் காட்டும். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. ஒயரிங் கெட்டுப்போவதை முள் முன்பு காட்டிக்கொடுத்தது, இனி காட்டாது. புது மீட்டர் வாங்கி மாட்டுவது கடைசி, அதுவும் முதுகில் அளந்து கிழவரின் தவறு என்று உறுதியான பிறகு.

என் காரில் எர்த் பட்டை சரியான பிறகும் முள் கால் வோல்ட் கீழேதான் நிற்கிறது. இக்னிஷன் சுவிட்சில் கொஞ்சம் போகிறது, மீட்டரும் கொஞ்சம் சோம்பேறி. மாற்றவில்லை. பேட்டரியில் சுமையோடு 14.1 இருந்த நேரம் பார்த்து, முள் நின்ற இடத்தில் கண்ணாடியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்தேன். இப்போது எண்ணைப் பார்ப்பதில்லை, முள் பொட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.